பிள்ளைகளைக் காத்த பெருமாட்டி

பரிசு வாங்காத பிள்ளை உருப்படாது என்று யார் சொன்னது? கிளாடிஸ் எய்ல்வர்ட் அம்மையாரின் வாழ்க்கையைக் கேளுங்கள்.

1902இல் லண்டனில் பிறந்த இவர், பணக்காரர் வீடுகளில் வேலைக்காரியாக இருந்தார். சீனாவில் சமயத் தொண்டாற்ற ஆசைப்பட்டு, ஒரு மிஷன் சங்கத்தின் பயிற்சியில் சேர்ந்தார். படிப்பு ஏறவில்லை. சீன மொழி இவருக்கு வராதென்று கழித்துவிட்டார்கள். அம்மையார் சோர்ந்துவிடவில்லை. சம்பளத்தைச் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்து ரயில் டிக்கெட் எடுத்தார்; சைபீரியா வழியாகப் புறப்பட்டுச் சீனா போய்ச் சேர்ந்தார்.

யாங்செங் என்ற மலையூரில், ஜீனி லாசன் என்னும் மூதாட்டியோடு சேர்ந்து, கோவேறு கழுதை ஓட்டிகளுக்குச் சத்திரம் நடத்தினார். வந்து தங்குவோருக்குப் பைபிள் கதை சொல்வார். வராது என்ற சீன மொழி சரளமாக வந்தது! பெண் குழந்தைகளின் பாதங்களை இறுகக் கட்டும் கொடுமையை ஒழிக்க, அரசாங்க வேலையும் பார்த்தார். 1936இல் சீனக் குடியுரிமை பெற்றார்.

1938இல் ஜப்பானியர் அவ்வூரில் குண்டு போட்டார்கள். 1940இல் சுமார் 100 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, மலைகளைத் தாண்டி, மஞ்சள் ஆற்றைக் கடந்து, பத்திரமான இடத்தில் சேர்த்தார். சேர்த்த கையோடு கடுங்காய்ச்சலில் விழுந்தார், பிழைத்தெழுந்தார்.

பின்னாளில் தைவானில் அநாதை இல்லம் நடத்தி, 1970 ஜனவரி 3ஆம் நாள் மறைந்தார்.

பெற்றோர்களே! சோதனையில் பிள்ளை பின்தங்கினால் மட்டம் தட்டாதீர்கள். எந்தப் பிள்ளைக்குள் எந்தத் திறமை இருக்கிறதோ, யார் கண்டது?