வண்ணம் ஆய்ந்த அறிஞர்

விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டியைச் சூழ்ந்த ஊர்கள் பட்டாசுத் தொழிலுக்குப் பேர்போனவை. மத்தாப்பில் ஸ்ட்ரான்ஷிய உப்பு எரிந்தால் செவ்வொளி பிறக்கும். பேரிய உப்பு பச்சையொளி தரும். சோடிய உப்பு மஞ்சளொளி தரும். ஆனால், செவ்வொளியும் பச்சையொளியும் ஒரு வெண்சுவரின்மேல் தக்க அளவிற் கலந்து விழினும் கண்ணுக்கு மஞ்சளே தோன்றும். சோடியச் சுடர் அங்கே இல்லை. அவ்வாறாயின் அந்த மஞ்சள் எங்கே பிறந்தது? இத்தகைய வினாக்களுக்கு விடை தேடுவதில் தம் முதுமையைச் செலவிட்டவர் சர் சந்திரசேகர வேங்கட இராமன்.

இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த திருவானைக்காவில் சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1907-ஆம் ஆண்டில் நிதித்துறை அலுவலராய்க் கல்கத்தா சென்றார். பகலெல்லாம் கணக்கு வேலை. காலையும் மாலையும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. 1917-ஆம் ஆண்டு, ஊதியம் மிகுந்த அப்பதவியைத் துறந்து பேராசிரியரானார்.

1921-ஆம் ஆண்டு கடற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவர் உள்ளத்தை ஈர்த்தது. வானின் நீலமே கடலில் எதிரொளிக்கிறது என்று பேரறிஞர் இராலே கூறியதை அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறச் செய்கின்றன எனச் சோதித்துக் காட்டினார். அவ்வாராய்ச்சி வளர்ந்து, 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இராமன் விளைவாய் மலர்ந்தது. அதில் அவருக்குத் துணைநின்ற கே. எஸ். கிருஷ்ணன், இதே மாவட்டத்து வத்திராயிருப்பிற் பிறந்தவர். 1930-ஆம் ஆண்டு இராமன் நோபெல் பரிசு பெற்றார்.

புகழின் உச்சியை அடைந்தும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பெங்களூரில் தாம் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில், எழுபது வயதைக் கடந்த பின்னர், மலர்களின் வண்ணத்தையும் கண்ணின் தொழிலையும் ஆராய்ந்தார். வண்ணக் கண்ணாடியின் வழியே ஒளிமிக்க வெண்திரையை நோக்குவார். திடீரென அக்கண்ணாடியை விலக்குவார். திரையில் தோன்றும் காட்சியைக் கொண்டு தம் விழித்திரையின் இயல்பை ஆராய்வார். அவ்வாராய்ச்சிகளைத் தொகுத்து, 1968-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார்.

விழித்திரையில் மூவகைக் கூம்பணுக்கள் உண்டென்றும், அவற்றின் வழியே எல்லா நிறங்களும் உணரப்படுகின்றன என்றும் அறிஞர் பலர் கொண்டிருந்தனர். இராமன் அதனை மறுத்தார். மஞ்சள் தனக்கெனத் தனியியல்புடைய நிறம் என்று வாதிட்டார். எனினும், 1964-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் கூம்பணுக்களைத் தனித்தனியே அளந்து, அவற்றில் மூவகை நிறமிகள் இருத்தலைக் கண்டிருந்தனர். ஆதலின் இராமனின் முடிவை அறிவுலகம் ஏற்கவில்லை. அவர் 1970-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மறைந்தார்.

ஆராய்ச்சி கண்ணோடு நின்றுவிடவில்லை. 1989-ஆம் ஆண்டில் இலண்டன் ஆய்வாளர், மக்களுக்கு வண்ணப் படத்தையும் சாம்பல்நிறப் படத்தையும் காட்டி, மூளையின் குருதியோட்டத்தைக் கருவியாற் படம்பிடித்தனர். வண்ணத்தைக் காணும்போது மூளையின் பின்புறத்து அடிப்பகுதியில் ஓரிடத்தில் குருதியோட்டம் மிகுந்தது. கூம்பணுக்கள் அனுப்பும் செய்திகளை ஒப்புநோக்கி நிறமாய் உணர்வதில் மூளைக்கும் பங்குண்டு. சுவரிற் கண்ட மஞ்சள், ஒளியும் கண்ணும் மூளையும் கூடிப் பெற்ற குழந்தையாகும்.

பெரியோர் கூற்றாயினும் சோதித்தே கொள்ளவேண்டும் என்பது இராமனின் நெறி. அந்நெறி அவருக்கு வெற்றியைத் தந்தது. அதே நெறி அவருடைய முடிவையும் சோதித்துத் தள்ளியது. இஃது அவருக்கு இழுக்காகாது. அறிவு வளர்வது இவ்வாறே.