நீரை மின்னாக்கிய பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர

மாணவர்களே, இரவு எட்டு மணிக்குக் கணித வினாத்தாள் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். திடீரென மின்சாரம் நின்றுவிடுகிறது. எழுந்து தீப்பெட்டியைத் தேடுகிறீர்கள். 2022ஆம் ஆண்டு உங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் இவ்வாறு பல இரவுகளைக் கழித்தனர். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அதற்கு முன்னர், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறையே ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதியது. வெளிச்சம் இல்லாத மேசையின் அருமையை எம்மவர்க்கு எவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

அந்த வெளிச்சத்தை இத்தீவின் மழையிலிருந்தும் மலையிலிருந்தும் எடுக்கலாம் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்னர் கணக்குப் போட்டுக் காட்டியவரே தேவப்புர ஜயசேன விமலசுரேந்திர ஆவார். பாடநூலில் இவர் இலங்கையின் நீர்மின் தந்தை என ஒரு வரியில் வந்துபோவார். புள்ளி பெற அந்த ஒரு வரி போதும். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பு இருக்கிறது. அதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

விமலசுரேந்திர 1874ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆம் திகதி காலியில் பிறந்தார். தந்தையார் கைவினைத் தொழிலில் பெயர்பெற்றவர். கருவிகளையும் உலோகத்தையும் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்த மகன், கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் கற்று, பின்னர் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று, பொதுவேலைத் திணைக்களத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் வீதி, பாலம், அரச கட்டடம் யாவும் இத்திணைக்களத்தின் பொறுப்பிலேயே இருந்தன. உயர் பதவிகளில் பெரும்பாலும் ஆங்கிலேயரே அமர்ந்திருந்தனர். சுதேசி ஒருவர் பொறியியலாளராக மேலே வருவதென்றால் மற்றவரைவிட இரு மடங்கு உழைக்க வேண்டியிருந்தது.

இளமைக் காலத்தில் இவர் மலைநாட்டில் தங்கம் கிடைக்குமா எனத் தேடும் பணிக்கு அனுப்பப்பட்டார். தோண்டிப் பயன்பெறத்தக்க தங்கம் கிடைக்கவில்லை. ஆனால் களனி கங்கையின் தலையூற்றுகளான மஸ்கெலியா ஓயாவையும் கெசல்கமு ஓயாவையும் அவர் அங்கே கண்டார். முன்னதில் லக்சபான நீர்வீழ்ச்சி 126 மீற்றரும், பின்னதில் அபர்டீன் நீர்வீழ்ச்சி 98 மீற்றரும் பாய்ந்து விழுகின்றன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1902இல் அயலிலுள்ள மைசூரில், காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரத்தைக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு நீண்ட தூரம் கம்பிவழி கொண்டு சென்றார்கள். அங்கே தங்கம் நீரைத் தேடிச் சென்றது. இங்கே தங்கம் தேடிப் போனவர் நீரைக் கண்டார்.

இப்போது விஞ்ஞானப் பாடத்தைச் சற்று நினைவுபடுத்துங்கள். உயரத்தில் உள்ள நீருக்கு அழுத்தசக்தி உண்டு. விழும்போது அது இயக்கசக்தியாகிறது. அந்த நீர் சுழலியைச் சுற்ற, சுழலி மின்பிறப்பாக்கியைச் சுற்ற, மின் பிறக்கிறது. ஒரு கன மீற்றர் நீரின் திணிவு 1000 கிலோகிராம். அது 400 மீற்றர் உயரத்திலிருந்து விழுமாயின், புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால், 1000 × 10 × 400, அதாவது 40 இலட்சம் யூல் கிடைக்கும். ஒரு செக்கனுக்கு ஒரு கன மீற்றர் வீதம் விழுந்தால் வலு 4 மெகாவாற்று. சுழலியிலும் மின்பிறப்பாக்கியிலும் ஏற்படும் இழப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். பெரிய ஆறு தேவையில்லை, பெரிய உயரம் இருந்தால் போதும் என்பது இக்கணக்கிலிருந்து தெளிவாகும். மலைநாட்டில் அந்த உயரம் இருந்தது.

அவர் வெறும் கணக்கோடு நிற்கவில்லை. 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூல் என்னுமிடத்தில் சிறிய நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்து, நுவரெலியா நகருக்கு ஒளி கொடுத்தார். தேயிலைத் தோட்டங்கள் சிலவும் தத்தம் தொழிற்சாலைக்குச் சிறு சுழலிகளை வைத்திருந்தன. ஆனால் அவை ஒவ்வொன்றும் தனித்தனித் தீவுகள். ஒரு தோட்டத்தில் மீதமாகும் மின்சாரம் அடுத்த ஊருக்குப் போகாது. கொழும்பிலோ மின்சாரம் இறக்குமதி எரிபொருளை நம்பியே இருந்தது. இந்நாட்டில் நிலக்கரியும் இல்லை, எண்ணெயும் இல்லை. கப்பல் வராவிட்டால் விளக்கு எரியாது. 2022இல் டொலர் இல்லாமல் எரிபொருள் கப்பல்களுக்குக் காத்திருந்ததை எண்ணிப் பார்த்தால், இந்த அச்சம் எவ்வளவு பழையது என்பது புரியும்.

1918இல் விமலசுரேந்திர இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஓர் ஆய்வுரையை வாசித்தார். இலங்கையில் நீர்வலுவைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றியது அது. தலைப்பிலேயே பொருளாதாரம் இருப்பதைக் கவனியுங்கள். நீரிலிருந்து மின்சாரம் எடுக்க முடியும் என்பது அன்று பொறியியலாளர் எவருக்கும் புதிதல்ல, அமெரிக்காவில் நயாகராவே 1895இல் பெருமளவில் இயங்கத் தொடங்கிவிட்டது. இச்சிறிய தீவுக்கு அது கட்டுப்படியாகுமா என்பதே கேள்வி. கட்டுப்படியாகும் என்றும், மலையில் பிறப்பித்து உயர் அழுத்தக் கம்பிகளில் கொழும்புக்கு அனுப்பலாம் என்றும் அவர் வாதிட்டார்.

ஆனால் அன்று நாட்டின் மின் தேவை மிகச் சிறியது. இவ்வளவு மின்சாரத்தை வாங்குவோர் யார் என்பது அக்காலத்தில் நியாயமான ஐயமே. எனினும் அதைக் காரணமாக்கி ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போட்டது நியாயமன்று என்பது என் எண்ணம். 1920களில் நோர்ட்டன் பிரிட்ஜ் பகுதியில் வேலை தொடங்கியது. பணம் போதாமல் இடையில் நின்றது. 1927இல் மின்சாரத்துக்கென அரசு தனித் திணைக்களம் அமைத்தது. மலையிலே வேலை பாதியில் கிடக்க, கொழும்புக்கு அருகே கொலன்னாவையில் எரிபொருளில் இயங்கும் நிலையம் எழுந்தது. தான் வரைந்த திட்டம் புல் முளைத்துக் கிடப்பதைப் பார்த்தபடியே அவர் அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றார். அதேவேளை சென்னை மாகாணத்தில் நீலகிரியின் பைக்காரா திட்டம் 1930களின் தொடக்கத்திலேயே மின் வழங்கத் தொடங்கியது.

ஓய்வு பெற்றவர் வீட்டில் இருக்கவில்லை. 1931இல் டொனமூர் யாப்பின் கீழ் சர்வசன வாக்குரிமையுடன் முதல் தேர்தல் நடந்தது. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரித்த அதே தேர்தல்தான், வரலாற்றில் படித்திருப்பீர்கள். அத்தேர்தலில் இரத்தினபுரித் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற விமலசுரேந்திர, சபைக்குள்ளும் அதே நீர்மின் கதையையே எடுத்தார். கோப்புகளில் சொல்லி நடக்காததைச் சபையில் சொல்லிப் பார்த்தார். பின்னர் வேலை மீண்டும் தொடங்க, இரண்டாம் உலகப் போர் வந்து மறுபடியும் தடங்கலாயிற்று.

1950இல் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியபோது அவர் எழுபத்தைந்து வயதைக் கடந்திருந்தார். அந்த ஆய்வுரை வாசித்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. நோர்ட்டனில் தடுக்கப்பட்ட கெசல்கமு ஓயாவின் நீர், நானூறு மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்வழி இறங்கி மூன்று மின்பிறப்பாக்கிகளைச் சுற்றியது. மொத்த வலு 25 மெகாவாற்று. அது 66 கிலோவோற்றுக் கம்பிகளில் கொழும்பு நோக்கிச் சென்றது. இவ்வளவு உயர் அழுத்தம் ஏன்? அதே வலுவை உயர் அழுத்தத்தில் அனுப்பினால் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் கம்பி சூடாகி வீணாகும் சக்தியும் குறையும். இந்த வினா அடிக்கடி வரும், காரணத்துடன் எழுதப் பழகுங்கள்.

1953 ஓகஸ்ட் 10ஆம் திகதி விமலசுரேந்திர காலமானார். ஏனைய நிலையங்களை அவர் காணவில்லை. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கீழே 50 மெகாவாற்று நிலையம் ஒன்று திறக்கப்பட்டபோது அதற்கு விமலசுரேந்திர எனப் பெயரிட்டார்கள். அதன்பின் பொல்பிட்டிய, புதிய லக்சபான, கனியன் எனப் பெருநிலையங்கள் ஐந்தாயின.

இதற்கு விலை கொடுத்தோரும் உண்டு. மவுசாகலை நீர்த்தேக்கத்தின் கீழே பழைய மஸ்கெலியா நகர் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது அங்கிருந்த கோயிலின் கட்டடம் வெளியே தெரியும், மக்கள் சென்று வழிபட்டு வருவார்கள். நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளில் லயன்களில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளரின் அறைகளுக்கோ மின்சாரம் பல ஆண்டுகள் பிந்தியே வந்தது. கண்முன்னே பிறந்த மின்சாரம் தலைக்கு மேலால் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. இது அவர் செய்த பிழையன்று, எனினும் வரலாற்றைப் படிக்கும் நாம் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அவரது கணக்கில் ஒரு பலவீனமும் இருந்தது. மழை பொய்த்தால்? 1990களின் நடுப்பகுதி வரை நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரிலிருந்தே வந்தது. 1996இல் வறட்சி வந்ததும் நீர்த்தேக்கங்கள் வற்றின, நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்வெட்டு ஏற்பட்டது. அதன்பின் எண்ணெயும், நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையமும் வந்தன. மீண்டும் கப்பலை நம்பும் நிலைக்குத் திரும்பினோம். இன்று மன்னாரில் 103.5 மெகாவாற்றுக் காற்றாலைத் தொகுதி சுழல்கிறது, வீட்டுக் கூரைகளில் சூரியப் படல்கள் பளபளக்கின்றன. 2030இல் 70 சதவீத மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசின் இலக்கு.

இங்கேதான் தீவு என்பதன் பொருள் தெளிவாகிறது. நமது மின்வலையமைப்பு அயல்நாடு எதனுடனும் இணைக்கப்படவில்லை. பிறப்பிக்கும் மின்சாரமும் பயன்படுத்தும் மின்சாரமும் ஒவ்வொரு கணமும் சமமாக இருக்க வேண்டும், இல்லையேல் 50 ஹேட்ஸ் என்ற மீடிறன் தளம்பும். குறை விழுந்தால் கைகொடுக்க அண்டைநாட்டுக் கம்பி இல்லை. பாரமான சுழலிகள் சுழன்றுகொண்டிருக்கும்போது அவற்றின் சடத்துவம் சில செக்கன்களுக்கு அதிர்ச்சியைத் தாங்கும். சாதாரண கூரைப் படலுக்கு அந்தச் சுழற்சி இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நல்ல வெயில், தேவையோ குறைவு. சூரிய மின்சாரத்தின் பங்கு மிக அதிகமாக இருந்த அவ்வேளையில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் கோளாறு ஏற்பட, நாடே இருளில் ஆழ்ந்தது. ஒரு குரங்குக்கு இவ்வளவு பலமா எனப் பலரும் சிரித்தனர். உண்மையில் சுழலும் பாரம் போதாமையே கோளாறை நாடளாவியதாக்கியது.

இந்தக் குறையை ஈடுசெய்ய இன்று பொறியியலாளர்கள் திரும்பிப் பார்ப்பது மலையிலுள்ள நீரையே. நிலக்கரி நிலையத்தை நிறுத்தித் தொடக்க நீண்ட நேரம் எடுக்கும். நீர்ச் சுழலியின் கதவைத் திறந்தால் சில நிமிடத்தில் முழு வலுவும் வரும், மூடினால் நீர் அடுத்த இரவுக்காகக் காத்திருக்கும். வெயில் உள்ள பகலில் நீரை வைத்திருந்து, சூரியன் மறைந்ததும் விடலாம். பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரைக் கீழிருந்து மேலேற்றி இரவில் மீண்டும் இறக்கும் நிலையம் ஒன்றும் மகா ஓயாப் பகுதியில் திட்டமிடப்பட்டுள்ளது. விமலசுரேந்திரவின் நீர் இப்போது காற்றுக்கும் வெயிலுக்கும் துணையாக நிற்கும் வேலையைச் செய்கிறது.

உங்கள் தேசப்படப் புத்தகத்தை எடுத்து மஸ்கெலியா ஓயா, கெசல்கமு ஓயா, நோர்ட்டன் பிரிட்ஜ், காசல்ரீ, மவுசாகலை, நுரைச்சோலை, மன்னார் ஆகியவற்றை வெற்றுப் படத்தில் குறியுங்கள். ஹட்டனிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் ஊடாகப் பயணம் செய்யும் வாய்ப்புக் கிடைத்தால், வீதியோரத்தில் தெரியும் அணைக்கட்டை மறக்காமல் பாருங்கள். 1950இல் லக்சபானவுக்கு நீர் புறப்பட்ட இடம் அதுவே.