பியானோவின் தந்தை

இத்தாலியின் ரோம் நகரில், வெள்ளி வேலை செய்யும் கைவினைஞர் ஒருவரின் மகனாக 1752ஆம் ஆண்டு பிறந்தார் முத்சியோ கிளெமெந்தி. ஏறத்தாழ 14 வயதிலேயே அவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். அவருடைய திறமையை வியந்த ஆங்கிலேயச் செல்வர் பீட்டர் பெக்போர்டு, தந்தையின் இசைவுடன் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். பெற்றோரைப் பிரிந்து, அயல்மொழி பேசும் நாட்டில் ஏழாண்டுகள் அச்செல்வரின் மாளிகையில் தங்கிய கிளெமெந்தி, நாள்தோறும் பல மணி நேரம் பயிற்சி செய்தார்.

அக்காலத்தில் ஹார்ப்சிகார்டு என்னும் கருவியே பெருவழக்கில் இருந்தது. அதன் கம்பிகள் மீட்டப்படுவதால், கட்டையை எவ்வாறு அழுத்தினாலும் ஓசையின் அளவு பெரிதும் மாறாது. பியானோவிலோ சிறு சுத்தியல்கள் கம்பிகளைத் தட்டுகின்றன; விரலின் விசைக்கேற்ப ஓசை மெலியும், வலுக்கும். இப்புதிய கருவி அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. தனிக்கருவியில் வாசிப்பதற்கென இயற்றப்படும் சொனாட்டா என்னும் இசை வடிவில், கிளெமெந்தி 1779இல் வெளியிட்ட படைப்புகள் அவருக்குப் புகழ் தந்தன.

1781 டிசம்பர் 24 அன்று, வியன்னாவில் பேரரசர் இரண்டாம் ஜோசப் முன்னிலையில் இசைப்போட்டி நிகழ்ந்தது. கிளெமெந்திக்கு வயது 29. எதிரில் அமர்ந்த மோட்சார்ட்டுக்கு 25. பின்னர் மோட்சார்ட், கிளெமெந்தியின் வாசிப்பில் விரல் வேகம் உண்டு, உணர்ச்சி இல்லை என்னும் கருத்தில் தம் தந்தைக்குக் கடிதம் எழுதினார். கிளெமெந்தியோ மோட்சார்ட்டின் இனிமையையும் நயத்தையும் மனமாரப் புகழ்ந்தார்.

அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. சிறந்த பாடகர்களைச் செவிமடுத்து, வேகத்தை மட்டும் நாடாது, குரல்போல் பாடும் வாசிப்பைக் கைக்கொண்டார். லண்டனில் பியானோ செய்யும் நிறுவனத்தையும் நடத்தினார். 1797இல் மாணவர்க்காக அவர் வெளியிட்ட ஆறு சொனாட்டினாக்களைப் பியானோ பயிலும் சிறார் இன்றும் வாசிக்கின்றனர்.

1832இல் மறைந்த கிளெமெந்தி, லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டார். அயலவராக வந்த சிறுவரை அந்நாடு தன் பெருமக்களுள் ஒருவராக ஏற்றுக்கொண்டது.

சொற்பொருள்
இசைவு – சம்மதம்
செவிமடுத்தல் – கூர்ந்து கேட்டல்
நயம் – அழகு, இனிமை

வினாக்கள்
1. ஹார்ப்சிகார்டும் பியானோவும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. தம்முடன் போட்டியிட்டவரைக் கிளெமெந்தி எவ்வாறு மதித்தார்? அதனால் நீ அறிவது யாது?