ரஃபியன்: நிற்காத ஓட்டம்

1972இல் அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்த பெண் பந்தயக் குதிரை ரஃபியன். ஓடிய முதல் பத்துப் பந்தயங்களிலும் வென்றது.

1975 யூலை 6. நியூயோர்க்கின் பெல்மொன்ட் பார்க்கில், அவ்வருட கென்டக்கி டேர்பியை வென்ற ஆண்குதிரை ஃபூலிஷ் பிளெஷருடன் தனிப் போட்டி. இரண்டிலும் சவாரி செய்துவந்த ஜசின்டோ வாஸ்கெஸ் அன்று ரஃபியனையே தெரிவுசெய்தார். ஓடும்போதே அதன் வலது முன்கால் எலும்பு முறிந்தது. அவர் இழுத்துப் பிடித்தும் ரஃபியன் உடனே நிற்கவில்லை.

சத்திரசிகிச்சைக்குப் பின் மயக்கம் தெளிந்தபோதும் ஓடுவதுபோலவே கால்களை உதறியது. போட்ட கட்டு உடைந்தது. வேறு வழியின்றிக் கருணைக்கொலை செய்து, பெல்மொன்டிலேயே புதைத்தார்கள்.

அந்தக் கடைசி உதறலை வீரம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஓட்டம் முடிந்துவிட்டதென்று அந்த உடலுக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை.