பேரறிஞர் பியேர் கியூரி

ரேடியம் என்னும் பெயரைக் கேட்டவுடன் கியூரி அம்மையாரின் நினைவே பலர்க்கும் எழும். அவர்தம் கணவராகிய பியேர் கியூரியின் வரலாற்றை அறிந்தார் நம்முள் சிலரே. ரேடியக் கதிர் உயிருள்ள உடலில் யாது விளைக்கும் என்னும் வினாவைத் தம் உடலிலேயே ஆராய்ந்த அப்பெரியாரின் சரிதம், மாணவராகிய நாம் அறிந்து போற்றற்குரியது.

இவர் 1859-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் ஒரு மருத்துவரின் மைந்தராய்ப் பிறந்தார். இளமையிற் பள்ளிக்கூடம் செல்லாது வீட்டிலேயே கல்வி பயின்றார். 1880-இல் தமையனார் ஜாக் என்பவரோடு கூடிச் சில படிகங்களை அழுத்துங்கால் அவற்றில் மின்சாரம் தோன்றும் உண்மையைக் கண்டார். 1895-இல் போலந்து நாட்டு நங்கையாகிய மேரியை மணந்தார். இருவரும் 1898-இல் பொலோனியம், ரேடியம் என்னும் இரு தனிமங்கள் உண்டென உலகிற்கு அறிவித்தனர். மழை ஒழுகும் ஒரு பழங்கொட்டகையே அவர்கட்கு ஆராய்ச்சிக்கூடமாயிருந்தது.

1900-இல் ஜெர்மானிய அறிஞர் இருவர் ரேடியம் தோலைச் சுடுமென அறிவித்தனர். அதன் மெய்ம்மையை ஆராயப் புகுந்த பியேர், பிறரொருவரைத் தேடினாரல்லர். ரேடியம் கலந்த உப்பினைத் தம் கையின்மீது பத்து மணி நேரம் வைத்திருந்தார். ஏறத்தாழ 6 சதுர சென்டிமீட்டர் அளவு தோல் சிவந்தது. நோவு மிகுதியாக இல்லை. ஆயினும், நாள் செல்லச் செல்லச் சிவப்பு முதிர்ந்து புண்ணாயிற்று. 42-ஆம் நாளிலேதான் ஓரங்களிற் புதுத்தோல் தோன்றலாயிற்று. 52-ஆம் நாளிலும் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவு புண் ஆறாதிருந்தது. இவற்றையெல்லாம் அவர் நாள்தோறும் குறித்துவைத்து, 1901-இல் பெக்கரல் என்னும் அறிஞரோடு சேர்ந்து வெளியிட்டார். நல்ல தசையை அழிக்கும் கதிர் நோயுற்ற தசையையும் அழிக்குமன்றோ? கியூரி தம்பதிகள் அளித்த ரேடியத்தைக்கொண்டு, பாரிஸிலுள்ள செயின்ட் லூயி மருத்துவமனையில் டான்லோ என்னும் மருத்துவர் தோல்நோய்க்குச் சிகிச்சை செய்யத் தொடங்கினார்.

1903-இல் பியேர், மேரி, பெக்கரல் ஆகிய மூவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டில் பியேர், பூஷார், பல்தஸார் என்னும் மருத்துவ அறிஞர்களுடன் மற்றொரு சோதனை நிகழ்த்தினார். ரேடியத்தினின்று வெளிப்படும் வாயு கலந்த காற்றில் சுண்டெலிகளையும் கினிப்பன்றிகளையும் அடைத்து வைத்தனர். மூச்சு முட்டி இறவாவண்ணம் பிராணவாயு குறையாது பார்த்துக்கொண்டனர். எனினும் அவை சில மணி நேரத்தில் மாண்டன. நுரையீரல்களில் இரத்தம் தேங்கியிருந்தது. இரத்தத்தின் வெள்ளணுக்களும் வேறுபட்டிருந்தன.

ஈண்டு நாம் வியந்து வருந்தத்தக்கது ஒன்றுண்டு. அவ்வாயுவையே, செறிவு குறைந்த நிலையில், பியேரும் மேரியும் தம் கொட்டகையில் நாள்தோறும் சுவாசித்து வந்தனர். பியேரின் விரல் நுனிகள் தடித்து நொந்தன. கால்களிற் கடுவலி உண்டாயிற்று. அதனை அவர் வாதநோயென்றே கருதினார். எலிகள் கற்பித்த பாடத்தை அவர் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணுக்குத் தெரிந்த புண் ஆறியது. தெரியாத தீங்கினை அவர் எண்ணினாரல்லர். மேரி அம்மையாரோ 1934-இல், நெடுங்காலக் கதிர்த்தாக்கத்தின் விளைவாகக் கருதப்படும் இரத்தநோயால் இறந்தார்.

1905-இல் ஸ்டாக்ஹோம் நகரில் நிகழ்த்திய சொற்பொழிவில், ரேடியம் தீயோர் கையில் பேராபத்தாகக் கூடுமென்று பியேர் எச்சரித்தார்; எனினும், புதிய அறிவால் மாந்தர்க்குத் தீமையினும் நன்மையே மிகுமென நம்பினார். 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் மழையில் தெருவைக் கடக்கும்போது, பாரவண்டியொன்றன் சக்கரத்தின் கீழ் வீழ்ந்து, நாற்பத்தாறாம் வயதில் உயிர்நீத்தார்.

அவர் எச்சரிக்கை வீண்போகவில்லை என்பதைப் பிற்கால வரலாறு காட்டும். 1945 முதல் 1947 வரை அமெரிக்காவில் 18 நோயாளிகளின் உடலிற் புளூட்டோனியம் செலுத்தப்பட்டது. தமக்குச் செய்யப்படுவது இன்னதென அவருட் பெரும்பாலோர் அறியார். 1995-இல் அந்நாட்டின் தலைவர் இத்தகைய சோதனைகட்காக வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார்.

இரண்டும் அறிவின் பெயராற் செய்யப்பட்டவையே. ஆயினும் பியேர் தாம் அறிய விரும்பியதன் விலையைத் தம் கையிலேயே ஏற்றார். பின்வந்தோரோ அதனை அறியாதார் தலையிற் சுமத்தினர். நாளை ஆராய்ச்சிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் பணிபுரியப் புகும் நம் கல்லூரி நண்பர்கள் இவ்வேறுபாட்டை உள்ளத்திற் கொள்வார்களாக.