ஒளிக்கோடுகளைத் தேடிய ஜான்சென்

நீலமலைத் தொடரில், உதகமண்டலத்திற்கு வடமேற்கே சோலூர் என்றோர் ஊர் உண்டு. 1871ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவ்வூருக்குப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஒருவர் வந்து தங்கினார். அப்போது அவருக்கு அகவை 47. இளமையிலேயே கால் ஊனமுற்றவர். கடல் கடந்து, மலையேறி, பனி கொட்டும் மார்கழிக் குளிரில் அவர் அங்கு வந்தது, ஏறத்தாழ இரண்டே நிமிடம் நிகழும் காட்சி ஒன்றைக் காண்பதற்காகவே. முழுச் சூரிய கிரகணமே அக்காட்சி. அவ்வறிஞரின் பெயர் பியேர் ஜூல் ஜான்சென்.

ஜான்சென் 1824ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் பாரிசு மாநகரில் பிறந்தார். தந்தையார் இசைவாணர். குழந்தைப் பருவத்தில் நேர்ந்த ஒரு விபத்து அவரை முடவராக்கிற்று. அதனால் மற்றைச் சிறுவரைப்போல் அவர் பள்ளி சென்று பயிலவில்லை. குடும்பத்தின் வறுமை அவரை வங்கியொன்றில் பணிபுரியச் செய்தது. ஆயினும் கல்வி வேட்கை தணியவில்லை. உழைத்துக்கொண்டே பயின்று, 28ஆம் அகவையில் கணிதத்தில் பட்டம் பெற்றார். 1857இல் நிலவுலகின் காந்த நடுக்கோட்டை ஆராயத் தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக்குச் சென்று, அங்கே நோயுற்றுத் திரும்பினார். நடக்கவே துன்புறும் ஒருவர் வாழ்நாள் முழுவதும் செய்த நெடும்பயணங்களுள் அதுவே முதலாவது.

அவர் எதைத் தேடி அங்ஙனம் அலைந்தார் என்பதை அறிய, ஒளியைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். ஞாயிற்றின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே செலுத்தினால், அது வானவில்லைப்போல் பல நிறங்களாக விரியும். அதற்கு நிறமாலை என்று பெயர். அதன் குறுக்கே நுண்ணிய கருங்கோடுகள் பல காணப்படும். செறிவற்ற வாயு ஒன்றைச் சூடேற்றி, அதன் ஒளியை இவ்வாறே ஆராய்ந்தால் கருங்கோடுகளுக்கு மாறாக ஒளிமிக்க கோடுகள் தோன்றும். ஒவ்வொரு தனிமத்திற்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு. செருமானிய அறிஞர் கிர்க்காப்பும் புன்சனும் 1859ஆம் ஆண்டளவில் இவ்வுண்மையை நிலைநாட்டினர். எட்டாத் தொலைவிலுள்ள விண்மீனும் தான் இன்ன பொருளால் ஆயது என்பதைத் தன் ஒளியாலேயே உரைக்கும் என்பது அன்று புலனாயிற்று. ஜான்சென் இக்கலையில் முழுமூச்சாக ஈடுபட்டார். 37 மீட்டர் நீளமுள்ள குழாயில் நீராவியை நிரப்பி, அதனூடே ஒளியைச் செலுத்தி, ஞாயிற்றொளியில் காணப்படும் கருங்கோடுகள் சில நம் காற்றிலுள்ள நீராவியால் விளைவன என்று மெய்ப்பித்தார்.

1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுக் கிரகணத்தைக் காண அவர் குண்டூருக்கு வந்தார். ஞாயிறு மறைந்தபோது அதன் விளிம்பிலிருந்து செந்நிறத் தீக்கொழுந்துகள் எழுந்து நின்றன. அவற்றை நிறமாலைநோக்கியால் ஆராய்ந்தவர், ஒளிக்கோடுகளையே கண்டார். ஆகவே அவை சூடுமிக்க வாயுவே. அதிலும் பெரும்பாலும் ஹைட்ரஜன். அக்கோடுகள் மிக்க ஒளியுடன் விளங்கியமையால், கிரகணம் இல்லாத நாளிலும் அவற்றைக் காணலாமே என்னும் எண்ணம் அவருக்கு எழுந்தது. மறுநாட் காலையிலேயே அதனைச் செய்து காட்டினார்.

இஃது எங்ஙனம் இயலும்? கிண்ணத்து நீரைப் பெரிய முற்றத்தில் பரவவிட்டால் ஈரம் மட்டுமே எஞ்சும். அங்கே கிடக்கும் கூழாங்கல்லோ கல்லாகவே கிடக்கும். பகல்வானின் வெள்ளொளியை நிறமாலையாக விரிக்குந்தோறும் அது மங்கும். ஒரே நிறத்தில் செறிந்த ஒளிக்கோடோ அங்ஙனம் விரிந்து மங்குவதில்லை. ஆதலின் தனித்துத் தெரிகிறது. இங்கிலாந்தில் லாக்கியர் என்பாரும் இம்முறையைத் தாமாகவே கண்டறிந்தார். இருவர் செய்தியும் பாரிசு அறிவியற் கழகத்தை ஒரே நாளில் எட்டின. பின்னர் இருவர் உருவமும் பொறித்த பதக்கம் ஒன்று வெளியிடப்பட்டது. குண்டூரில் ஜான்சென் ஹீலியத்தைக் கண்டுபிடித்தார் என்று பலர் எழுதுவதுண்டு. அது முற்றும் பொருந்தாது. ஹீலியத்துக்குரிய மஞ்சட்கோடு அக்கிரகணத்தில் பலர் கண்ணிற் பட்டது. அது புதியதொரு தனிமத்தைச் சார்ந்தது என்று கருதியவர் லாக்கியரே.

1870ஆம் ஆண்டு டிசம்பரில் மற்றொரு கிரகணம் வந்தது. அவ்வேளை பாரிசு நகரம் பகைவரால் முற்றுகையிடப்பட்டிருந்தது. ஜான்சென் கருவிகளுடன் வாயுக்கூண்டில் ஏறி, பகைப்படையின் தலைக்கு மேலே பறந்து வெளியேறினார். அதன்பின் அல்ஜீரியாவிலுள்ள ஓரான் நகரை அடைந்தார். ஆயின், கிரகண வேளையில் வானம் மேகத்தால் மூடிக்கொண்டது!

அவர் மனந்தளரவில்லை. மறு ஆண்டே நம் நாட்டுக்கு மீண்டும் வந்தார். 1871 டிசம்பர் 12ஆம் நாட் காலையில் கிரகண நிழல் மலையாளக் கரையில் தொடங்கித் தமிழகத்தைக் கடந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்ல இருந்தது. அதனை எதிர்நோக்கி லாக்கியர் பேக்கலிலும், டென்னன்ட் தொட்டபெட்டாவிலும், சென்னை வானாய்வுக்கூடத்துப் போக்சன் அவிநாசியிலும், இத்தாலியரான ரெஸ்பிகி புதுக்கோட்டையிலும் காத்திருந்தனர். மேகத்தின் வஞ்சனையை முன்னரே பட்டறிந்த ஜான்சென், தட்பவெப்ப நிலையை நன்கு ஆராய்ந்து சோலூரைத் தேர்ந்தார்.

முழுக் கிரகணத்தின்போது மறைந்த ஞாயிற்றைச் சூழ்ந்து வெண்முத்துப் போன்ற மெல்லொளி ஒன்று பரந்து தோன்றும். அதனை ஒளிமகுடம் எனலாம். அது ஞாயிற்றுக்கு உரியதா, நம் காற்றில் உண்டாகும் வெறுந்தோற்றமா என்பது அந்நாளில் தீராத வழக்கு. அவ்வொளி மிக மங்கியது. அதனை நிறமாலையாக விரித்தால் இன்னும் மங்கும். ஆகவே ஜான்சென் அகன்ற ஆடியும் குறுகிய குவிதூரமும் உடைய தொலைநோக்கி ஒன்றைத் தனியே அமைத்துக் கொணர்ந்திருந்தார்.

அன்று வானம் தெளிந்திருந்தது. ஒளிமகுடத்தில் ஹைட்ரஜனின் ஒளிக்கோடுகளையும், எந்தத் தனிமத்திற்கும் உரியதென்று அறியப்படாத பச்சைக் கோடொன்றையும் அவர் கண்டார். பச்சைக் கோடு 1869இலேயே அமெரிக்க அறிஞரால் காணப்பட்டதுதான். ஜான்சென் அதனோடு ஞாயிற்றொளிக்குரிய கருங்கோட்டையும் மங்கலாகக் கண்டதே புதுமை. தானே ஒளிரும் வாயு ஒருபால். ஞாயிற்றின் ஒளியைச் சிதறச்செய்யும் துகள்கள் ஒருபால். ஆகவே ஒளிமகுடம் மயக்கத் தோற்றமன்று, ஞாயிற்றைச் சூழ்ந்த மெய்ப்பொருளே என்று அவர் துணிந்தார்.

ஒளிக்கோடுகள் ஞாயிற்றளவில் நிற்கவில்லை. வுல்ஃப், ராயே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1867இல் அன்னம் என்னும் விண்மீன் கூட்டத்தில், வெறுங்கண்ணுக்குத் தோன்றாத மூன்று மங்கிய மீன்களைக் கண்டனர். அவற்றின் நிறமாலையில் அகன்ற ஒளிப்பட்டைகள் இருந்தன. இவ்வகை மீன்கள் நம் ஞாயிற்றினும் பன்மடங்கு சூடானவை. ஞாயிற்றின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை. இவற்றிலோ 30,000 பாகைக்கும் மேற்பட்டது. தம் மேனியின் வாயுவை இவை பெருங்காற்றாக ஓயாது வெளியே வீசுகின்றன. அவ்வாயுவே ஒளிக்கோடுகளைத் தருவது. மங்கித் தோன்றுவது தொலைவினால் அன்றி வெம்மைக் குறைவினால் அன்று.

சோலூருக்குப் பின்னும் ஜான்சென் ஓய்ந்திருக்கவில்லை. 1874இல் வெள்ளிக் கோள் ஞாயிற்றைக் கடந்தபோது, சிறு இடைவெளிகளில் தொடர்ந்து படமெடுக்கும் கருவியுடன் சப்பான் சென்றார். பாரிசின் அருகே மூதோன் என்னுமிடத்தில் வானாய்வுக்கூடம் ஒன்றை நிறுவி அதன் தலைவரானார். ஞாயிற்றில் உயிர்வளி உண்டா என்பதை அறிய, காற்றுக் குறைந்த உயரத்திற்குச் செல்ல வேண்டியிருந்தது. 66ஆம் அகவையில், ஆட்கள் இழுத்தும் சுமந்தும் செல்ல, மோன் பிளான் கொடுமுடியை அடைந்தார். 1893இல் அதன் உச்சியிலேயே, பனிக்கட்டியின்மீது ஓர் ஆய்வுக்கூடம் எழுப்புவித்தார். 1907 டிசம்பர் 23ஆம் நாள் அவர் மறைந்தார். அடுத்த இரண்டாண்டுகளில் அக்கூடம் பனியுள் அமிழ்ந்துபோக, அதனைப் பிரித்தெடுத்துவிட்டனர்.

பச்சைக் கோடு யாது என்பதை அவர் அறியாமலே மறைந்தார். அது கொரோனியம் என்னும் புதுத் தனிமத்தினது என்றே நெடுங்காலம் கருதினர். 1940ஆம் ஆண்டையொட்டியே குரோட்ரியன், எட்லென் என்னும் அறிஞர்களின் ஆய்வால் உண்மை வெளிப்பட்டது. அது நாம் நாளும் கையாளும் இரும்பின் கோடுதான். ஒளிமகுடத்தின் வெப்பம் பத்து லட்சம் பாகைக்கும் மேற்பட்டது. அவ்வெம்மையில் ஓர் இரும்பணு தன் 26 மின்னணுக்களுள் 13ஐ இழந்து நின்று அப்பச்சையொளியை உமிழ்கிறது.