சதுரங்க வீரர் சுல்தான் கான்

சதுரங்கம் நம் நாட்டிலே தோன்றிய விளையாட்டு. அதனை நம் நாட்டு முறையிலேயே கற்று, மேலைநாடு சென்று, உலகப் பெருவீரர் ஒருவரை வென்ற பெருமை மீர் சுல்தான் கானுக்கு உரியது. அவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாப் பகுதியில், மிட்டா டிவானா என்னும் ஊரிற் பிறந்தார். ஒன்பதாம் வயதில் தந்தையாரிடம் ஆட்டம் பயின்றார்.

அந்நாளில் இங்கு வழங்கிய விதிகள் ஐரோப்பிய விதிகளினின்றும் வேறுபட்டவை. காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஆதலின் ஆட்டம் மெல்லத் தொடங்கும். வெற்றி தோல்விகள் பெரும்பாலும் இறுதியிலேயே முடிவாகும். காய்கள் பல வெட்டுண்டு, அரசரும் யானைகளும் சில காலாட்களுமே எஞ்சும் நிலை மிகக் கடினமானது. யானை நேர்வழியிற் செல்லும் காய். வழி அடைபட்டால் மூலையில் முடங்கிவிடும். வழி திறந்தாலோ, செங்கோட்டைக் கணவாயைக் கடந்து தென்காசிக் கோபுர வாயிலிற் புகும் காற்றைப்போல விசையுடன் பாயும். வழியை எப்போது திறப்பது, எவ்வளவு காலம் காத்திருப்பது என்று கணிப்பதிலேதான் ஆட்டக்காரரின் திறமை விளங்கும். அத்திறமையைச் சுல்தான் கான் இளமையிலேயே பெற்றார்.

சர் உமர் ஹயாத் கான் என்னும் பெருநிலக்கிழார் அவரை ஆதரித்து, ஐரோப்பிய முறையையும் பயிலச் செய்தார். 1928ஆம் ஆண்டு அகில இந்தியப் போட்டியில் ஓர் ஆட்டத்திலும் தோலாது முதலிடம் பெற்ற அவர், மறு ஆண்டு இங்கிலாந்து சென்று, அவ்வாண்டே பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார். 1932, 1933ஆம் ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்கே கிடைத்தது. குற்றாலச் சாரலை இன்பமெனக் கொண்டாடும் நமக்கு, இங்கிலாந்தின் குளிர்மழை தரும் துன்பம் எளிதில் விளங்காது. அக்குளிரில் அவர் அடிக்கடி நோயுற்றார்.

1930ஆம் ஆண்டின் இறுதியில் ஹேஸ்டிங்ஸ் நகரில் தொடங்கிய போட்டியில் அவர் காபபிளாங்காவை எதிர்த்தார். கியூபா நாட்டவரான காபபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலகப் பட்டம் தாங்கியவர். 1924இல் நியூயார்க் நகரில், யானைகள் எஞ்சிய இறுதியாட்டத்தில் காலாட்களைத் துறந்து, அரசனையே முன்செலுத்தி டார்ட்டாகோவரை வென்றவர். இறுதியாட்டத்தில் அவருக்கு நிகரானோர் அரியர்.

அன்று காபபிளாங்கா தம் யானைகள் இரண்டையும் கொடுத்துச் சுல்தான் கானின் அரசியை வெட்டினார். எத்திசையும் பாயும் அரசியே மேலானது என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் காலாட்கள் நெருங்கி நின்ற அக்களத்தில் அரசிக்குத் தாக்கத்தக்க இலக்கு அரிதாயிற்று. சுல்தான் கான் சிறிதும் விரைந்திலர். யானைகளைப் பக்கம் மாற்றி மாற்றி நிறுத்திக் காலம் பார்த்தார். 65 நகர்வுகள் நீண்ட அவ்வாட்டத்தில் காபபிளாங்கா தோற்றார்.

பின்னர் டார்ட்டாகோவர், ரூபின்ஸ்டைன், பிளோர் ஆகியோரையும் சுல்தான் கான் வென்றார். 1933ஆம் ஆண்டின் இறுதியில் தாயகம் திரும்பிய அவர், ஐரோப்பியப் போட்டிகளுக்கு மீண்டும் செல்லவில்லை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1950இல் முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியபோது, அவர் வென்ற அம்மூவரும் அதனைப் பெற்றனர். அவர் பெயர் மட்டும் இடம்பெறவில்லை. இது வருந்தத்தக்க குறையே. 1966இல் அவர் சர்கோதாவில் காலமானார். அப்பட்டம் அவர் பெயருக்கு 2024ஆம் ஆண்டில் வழங்கப்பட்டது.